ஓடெல் கணக்கில் பத்தொன்பது குறி

பெர்னடின் யான்கோ பந்தைப் பார்க்க மாட்டாள். சனிக்கிழமை மதியம் கெல்லர்டன் கல்லூரி மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து பார்க்க வந்த மூவாயிரம் பேர் பந்து போகிற திசையில் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, மேல் வரிசையில், மைதானத்தின் நட்ட நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருக்கும் அவள் கண் மட்டும் பந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். அங்கே ஐந்து தடியன்கள் தோளோடு தோள் சேர்த்துச் சுவராக நிற்பார்கள். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அவர்கள் முதுகுக்குப் பின்னால். எதிரணிக்காரன் எவனாவது சுவரை உடைத்துக்கொண்டு போய் அவனைக் கீழே தள்ளினாலோ, எறிய விடாமல் விரட்டினாலோ, யார் வழியாகப் புகுந்தான் என்று பார்த்து அவன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு குறி போடுவாள். அவ்வளவுதான் அவள் ஆட்டம் பார்ப்பது.

அதற்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பந்தை எறிந்தவனுக்கும் பிடித்தவனுக்கும் பத்திரிகையில் ஆயிரம் எண் போடுகிறார்கள். முட்டுக்கொடுத்து நிற்கிற ஐந்து பேருக்கு ஒன்றும் கிடையாது. பெர்னடினின் தாள் ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த எண். திங்கட்கிழமை காலை அதன் நகல் முடிவெட்டும் கடைக் கண்ணாடியிலும் ரூடியின் சாப்பாட்டுக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலும் ஒட்டப்பட்டுவிடும். ஆட்டத்துக்கே போகாதவர்களும் அதைப் படித்துவிட்டு நிபுணர்களாகிவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படி நிபுணர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அவள் கண்ணை யாரும் சந்தேகப்பட்டதில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும், விரிசல் உள்ளதை எட்டி எடுத்துப் போட வேண்டும். நிமிஷத்துக்கு நூறு பாட்டில். விரிசல் எங்கே தெரிகிறதோ அங்கேதான் விரிசல் என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போன விஷயம்.

இந்த வருஷம் அவள் மகன் ராஸ் அந்த ஐவரில் நடு ஆள், சென்டர். சொந்தப் பிள்ளைக்கு அம்மா குறி போடுவாளா என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ராஸ் பெயரில் கூசாமல் இரண்டு குறி போட்டாள். அதோடு முணுமுணுப்பு அடங்கியது. அதற்குப் பிறகு ஏழு ஆட்டம், ராஸ் பெயரில் ஒரு குறிகூட விழவில்லை. மற்ற மூன்று பேருக்கு நாலு, ஐந்து, ஆறு. ராஸுக்கு வலது கைப் பக்கம் நிற்கிற ஓடெல் ட்ரைஸுக்குப் பத்தொன்பது.

ஓடெல் யங்ஸ்டவுனிலிருந்து வந்த பையன். உதவித்தொகை இருப்பதால்தான் படிக்கிறான். பேச்சு குறைவு. ஆறாவது ஆட்டத்திலிருந்து கூட்டமே அவனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டது. "கதவைச் சாத்துடா, ஓடெல்! குளிரடிக்குது!" என்று ஒருத்தன் கத்துவான், வரிசை வரிசையாகச் சிரிப்பு இறங்கிவரும். பெர்னடினும் ஒரு தடவை சிரித்தாள். பென்சில் கையில் இருக்கும்போதே சிரித்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம், அந்த ஐந்து பேரும் சென்டர் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். களத்தில் நிற்கிற அதே வரிசையில்தான் மேஜையிலும் உட்கார வேண்டும். உடம்பு சரியில்லை என்றாலும் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும், வராதவன் வரிசையை உடைத்தவன். அதனால் வாராவாரம் ராஸுக்கு வலது பக்கம் ஓடெல். வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸும் நூடுல்ஸும், தட்டு நிறைய சாஸேஜும் வைப்பாள். ஓடெல் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சுங்க, மிஸஸ் யான்கோ" என்று சொல்லி, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான்.

ஒன்பதாவது ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. பயிற்சியாளர் மார்ஷ் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆடுகிறவர்கள் பட்டியலை ஒட்டுவார், அதில் ஓடெல் பெயர் இருக்காது. இடம் போனால் அடுத்த வருஷ உதவித்தொகையும் போகும். மார்ஷ் இந்த வருஷம்தான் வந்தவர். பழைய பயிற்சியாளர் பெர்னடினின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்க ஆட்டத்தின் படத்தைத் தானே பார்ப்பார். மார்ஷ் தாளைக் கணினியில் ஏற்றிச் சதவீதமாக்கி, உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவிடுவார்.

பெர்னடின் சாஸேஜ் தட்டோடு வந்தபோது, இடது கோடியில் உட்காருகிற ஹூப் கெச்சப் பாட்டிலில் டேப்லெட்டைச் சாய்த்துவைத்துப் போன ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த வருஷம்தான் கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமாகக் கேமரா வைத்திருந்தார்கள். சுவரின் முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்த படம். பெர்னடின் பத்து வருஷமாகப் பக்கவாட்டிலிருந்து மட்டுமே பார்த்தவள்.

படத்தில் ராஸ் குனிந்தான். இடது கையை நீட்டி ஏதோ கத்தினான். பந்து நகர்ந்தது. ராஸும் அவனுக்கு இடப்பக்கம் இருந்த இரண்டு பேரும் இடதுபுறம் திரும்பினார்கள். எதிரணிக்காரர்கள் வந்தது வலதுபுறம். ஓடெல் மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள். ஒருவனை இடுப்போடு கட்டிப் பிடித்தான். இன்னொருத்தன், ராஸ் விட்டுப்போன இடைவெளியில் நுழைந்து, ஓடெலின் தோளை உரசிக்கொண்டு போய்க் குவார்ட்டர்பேக்கை மல்லாத்தினான்.

அந்தக் கட்டம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓடெல் பெயரில் குறி போட்டிருந்தாள்.

"நிறுத்து. திருப்பிப் போடு," என்றாள்.

ஹூப் திருப்பிப் போட்டான். அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"ராஸ், நீ யாரைத் தடுக்கிற அங்க?"

"காத்தைத்தான்!" என்று ஹூப் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"அம்மா, சாப்பாடு ஆறுது," என்றான் ராஸ்.

"ஓடெல், அந்த ரெண்டு பேர்ல உன் ஆள் யாருப்பா?"

ஓடெல் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் புடிச்சிருக்கேனே, அவன்தாங்க."

"அப்ப இன்னொருத்தன் யாரோட ஆளு?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முட்கரண்டியை எடுத்தார்கள். அப்போதுதான் பெர்னடினுக்குப் புரிந்தது. இவர்கள் எல்லாருக்கும் தெரியும். எத்தனை வாரமாகத் தெரியும் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எந்தப் பக்கம் திரும்புவது என்று கத்துகிறவன் சென்டர். அவன் தப்பாகக் கத்தினால் அவன் எதிரே ஆளே இருக்க மாட்டான். ஆள் இல்லாதவன் எப்படித் தோற்பான்? அவன் பெயரில் எப்படிக் குறி விழும்? பக்கத்தில் நிற்கிறவன் இரண்டு பேரிடம் மாட்டுவான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உடம்புகள் ஒன்றை ஒன்று மறைக்கும், இடைவெளியில் நுழைந்தவன் ஓடெலின் முதுகுக்குப் பின்னால்தான் தலைகாட்டுவான். அவள் அங்கேதான் குறி போட்டாள்.

மற்ற நாலு பேரும் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனதும், டேப்லெட்டை ஹூப்பிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு எட்டு ஆட்டத்தின் தாள்களையும் மேஜையில் பரப்பினாள். பத்தொன்பது குறியையும் ஒவ்வொன்றாகப் படத்தோடு வைத்துப் பார்த்தாள். ஐந்து ஓடெலுடையது. பதினான்கு ராஸுடையது. பதினான்கு!

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

ராஸ் கதவருகே நின்றுகொண்டிருந்தான். "மூணாவது மேட்ச்லேர்ந்து. எனக்கு அவங்க எந்தப் பக்கம் வருவாங்கன்னு சரியாப் படிக்க வரலம்மா. குழம்பிடறேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? திங்கக்கிழமை காலைல நீ ரூடி கடைல நின்னு, 'எம் பையன் பேர்ல ரெண்டே ரெண்டு'ன்னு எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தே. நான் வந்து என்னன்னு சொல்றது?"

"அவன் ஏண்டா சொல்லல? எவ்வளவு திட்டு வாங்கினான்!"

"லைன்ல நடக்கிறதை வெளில சொல்ல மாட்டோம். உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம்தான். அது இப்படி ஒருத்தன் கழுத்தை நெரிக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. அவளுக்கு மகனை அறைய வேண்டும் போலிருந்தது. யாரை முதலில் அறைய வேண்டும் என்று நினைத்தபோது கை எழவில்லை.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கு மார்ஷின் அறையில் நின்றாள். மேஜையில் பட்டியல் தயாராக இருந்தது. அதன் கீழே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போக வேண்டிய கடிதம். ஓடெலின் பெயரைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

படத்தைப் போட்டுக் காட்டினாள். நான்கு இடம் காட்டியதும் மார்ஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் வெளிறியிருந்தது.

"இதைத்தான் அவன் சொன்னான்," என்றார்.

"யாரு?"

"ஓடெல். செப்டம்பர்லயே தனியா வந்து சொன்னான். 'சென்டர் சொல்ற பக்கம் தப்பா இருக்கு கோச், அவன்கூட உக்காந்து சொல்லிக் குடுங்க, நான் சொன்னதாச் சொல்லாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க தாளைக் காட்டினேன். 'ராஸ் ரெண்டு, நீ ஏழு. சாக்கு சொல்லாம போய் வேலையைப் பாரு'ன்னு அனுப்பிட்டேன்."

பெர்னடின் டேப்லெட்டை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்க படம் பாத்தீங்கதானே? உங்ககிட்டதானே இருந்துது இது?"

"பார்த்தேன், மிஸஸ் யான்கோ. எல்லாத்தையும் பார்த்தேன். முதல்ல தாளைப் படிச்சிட்டு அப்புறம் பார்த்தேன். ஓடெல் தோக்கறதுதான் தெரிஞ்சுது. ராஸ் பக்கம் கண்ணே போகல."

கண்ணும் இருந்தது, கணக்கும் இருந்தது, கேமராவும் இருந்தது. மூன்றும் சேர்ந்து வாய் திறந்து உண்மை சொன்ன ஒரே பையனைப் பொய்யனாக்கியிருந்தன. இந்த அநியாயத்தை எந்த வார்த்தையில் சொல்வது? அவன் செப்டம்பரில் வந்து சொல்லிவிட்டு, விரட்டப்பட்டு, அந்த வியாழக்கிழமையும் அவள் வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவி வைத்திருக்கிறான்.

மார்ஷ் பேனாவை எடுத்தார். "அந்தப் பதினாலையும் யார் பேர்ல எழுதறது? நீங்களே சொல்லுங்க. ஊர் உங்க தாளைத்தான் நம்புது."

"ராஸ் யான்கோ," என்றாள். குரல் உடைந்ததால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கடிதத்தை மார்ஷ் நான்காகக் கிழித்தார். பட்டியலில் ராஸ் பெயரை அடித்து ஓடெல் பெயரை எழுதினார். நாளைக்கு ராஸ் பெஞ்சில் உட்காருவான்.

வெளியே, உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் ஓடெல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவள் கிட்டே போனாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள்.

"மன்னிச்சுடுப்பா. நான் பார்த்தேன், பார்த்தேன்னு நெனச்சுட்டே ஒன்னும் பாக்கல. அடுத்த வியாழக்கிழமை உனக்கு என்ன வேணும்னு சொல்லு, அதையே செய்யறேன்."

"கோச்கிட்ட வந்து சொன்னீங்களே, அதுக்கு நன்றிங்க," என்றான் ஓடெல். துண்டை மடித்துத் தோளில் போட்டான். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "ஆனா இனிமே நான் வரலைங்க, மிஸஸ் யான்கோ."

"ஏம்ப்பா?"

"நான் வராம இருந்திருந்தா, குறி போட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டான், தப்பு அவன் மேலதான்னு ஊர் சொல்லியிருக்கும். அதனால வந்தேன். ஒவ்வொரு வாரமும் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத்தான் முழுங்கினேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இனி நான் முழுங்க வேண்டியதில்லைங்க."

மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அவன் உள்ளே போனான்.