கல்பிட்டி வரை மிதிக்க விரும்பியவர்

அவரைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுவதால், நேரில் கண்டவற்றை மட்டுமே எழுதுகிறேன். நரைத்த தாடி, மஞ்சள் தலைக்கவசம், இறுக்கமான காற்சட்டையை மறைக்கக் கட்டிய சாரம். பாலாவிச் சந்தியைக் கடந்து மூச்சிரைக்க மிதிவண்டி மிதித்துக்கொண்டிருந்தவரின் அருகே வேனை நிறுத்தினேன்.

"ஏறுங்க காக்கா" என்றேன், அண்ணன் முறை வைத்து. "மோட்டார் சைக்கிள் பழுதா?"

"இல்ல தம்பி, ஆசைக்கு ஓடுறன். கல்பிட்டி மட்டும் ஒருக்கா மிதிச்சே போகணும். போன ரெண்டு தரமும் உங்களப் போல நல்ல மனுசர் ஏத்திக்கொண்டு போய் விட்டுட்டாங்க."

"இந்த வெயில்லயா ஆசை?" என்று கேட்டபடியே மிதிவண்டியைத் தூக்கி வேனில் ஏற்றினேன். பெருமூச்சுடன் அவரும் ஏறினார்.

கல்பிட்டியில் இறங்கியவர், "அல்லாஹ் நற்கூலி தரட்டும். வாற ஞாயிறு ஒரு நாளைக்கு இந்த றோட்டால வராதீங்க" என்றார்.

அந்த ஞாயிறு நான் வீட்டிலேயே இருந்தேன். அவர் மிதித்தே போய்ச் சேர்ந்தாரா என்பது எனக்குத் தெரியாது.