வராத பூகம்பத்தில் பிழைத்தவள்

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் உண்டென்றால், அது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒச்சாயிக்கு அந்த வேலை கிடைத்ததைத் தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும். சம்பளம் இல்லாத காலத்திலேயே அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் முகத்தை விட்டுவிட்டுப் புடவைக் கரையில் நூல் பிரிந்திருப்பதைப் பார்ப்பாள். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாள். அவளுக்கு டீ ஊற்றிக்கொடுக்க மாஸ்டர்களே பயந்தார்கள்.

மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. நடக்கும்போது வலது கையால் தொடையை அழுத்திக்கொண்டு ஒரு எட்டு, அப்புறம் இடது காலால் ஒரு எட்டு என்று போவாள். சமதரையில் பெரிய சிரமமில்லை. படிக்கட்டு என்றால்தான் பாடு. திருப்பூரில் டெய்லராக இருந்த அண்ணன் பாண்டித்துரை, "இங்க இருந்து நொட்டை சொல்றத அங்க வந்து சொல்லு, காசு குடுப்பாக" என்று 1996-இல் அவளைக் கூட்டி வந்தான். முதலில் பிசிறு நூல் வெட்டும் வேலை. ஆறே மாதத்தில் செக்கிங் மேசைக்கு ஏற்றிவிட்டார்கள். தோள், கழுத்து, கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று ஒரு டி-சர்ட்டை அவள் புரட்டிப் போடுவதற்குள் பக்கத்து மேசைக்காரி கழுத்தைத்தான் பார்த்து முடித்திருப்பாள். குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தாலும் ஒச்சாயியின் விரல் அங்கே போய் நின்றுவிடும்.

பூகம்பம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது 2001 ஜனவரியில். குடியரசு தின விடுமுறையன்று குஜராத் குலுங்கியதை ஊரே டிவியில் பார்த்தது. பருத்தியும் நூலும் வருகிற ஊராயிற்றே என்று திருப்பூர் பதறிப்போய், கம்பெனி கம்பெனியாக டி-சர்ட் மூட்டை கட்டியது. ஒச்சாயியின் கம்பெனியிலும் கட்டினார்கள். அவசரத்தில் பேக்கிங் ஆட்கள் கழிவுக் குவியலிலிருந்தும் அள்ளிப் போட்டுவிட்டார்கள். ஒச்சாயி மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டாள்.

"ஊடு வாசல் இடிஞ்சு நடுத்தெருவுல நிக்கிற சனத்துக்கு அக்குளு கிழிஞ்ச சட்டையவா அனுப்புவீங்க? அமெரிக்காக்காரனுக்கு மட்டுந்தேன் நல்ல சட்டையா?"

எண்ணூறு பீஸையும் தனியாளாகப் பார்த்து முடித்துத்தான் அனுப்பினாள்.

பூமி ஏன் ஆடுகிறது என்ற கேள்வி அன்றைக்கு அவளைப் பிடித்தது. லைன் வீட்டில் பக்கத்துக் குடித்தனம் வேலாத்தாள், பூமியைத் தாங்குகிற ஆதிசேஷன் ஒரு தலை வலித்தால் இன்னொரு தலைக்கு மாற்றிக்கொள்வார், அப்போது ஆடும் என்று சொன்னாள். "ஆயிரம் தலைய வச்சிக்கிட்டு ஆடாம மாத்தத் தெரியலையாக்கும்?" என்று ஒச்சாயி அதிலும் ஒரு குறை கண்டாள்.

பிறகு ஐந்து வருஷம் பூமி தன் பாட்டுக்கு இருந்தது. அருள்புரத்தில் கம்பெனி புதுக்கட்டிடம் கட்டியது. கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் இரண்டாவது மாடிக்குப் போயின. ஒச்சாயி காலையில் ஒருமுறை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள், சாப்பாடும் மேலேயே. 2006-இல் ஜப்பான் ஆர்டர் ஒன்று வரும்போல இருந்தது. ஆர்டர் தருவதற்கு முன்னால் அதிகாரி ஒருவர் வந்து கம்பெனியைப் பார்ப்பார், தொழிலாளர்களுக்குப் பூகம்பப் பயிற்சி இருக்கிறதா என்று சோதிப்பார் என்று கடிதம் வந்தது.

மேனேஜர் முருகேஷ் இந்த மாதிரி ஆடிட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஐரோப்பாக்காரர்களுக்காகத் தீப் பயிற்சி நடத்தி நடத்தி அவருக்குக் கை வந்த கலை. மணி அடித்தால் எல்லோரும் ஓடி, கீழே பச்சை போர்டு வைத்த இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தலையை எண்ணிவிட்டால் ஆடிட் பாஸ்.

"நெருப்புக்குப் பதுலா பூகம்பமுங்க. மணியடிச்சா ஓடோணும். அவ்வளவுதானுங்களே?" என்றார்.

ஊத்துக்குளியிலிருந்து வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வெல்ஃபேர் ஆபீசர் சண்முகப்பிரியா, ஜப்பானிலிருந்து வந்த படம் போட்ட கையேட்டைத் தமிழில் எழுதி எடுத்து வந்திருந்தாள். "இல்லீங்க சார், இதுல வேற மாதிரி..." என்று ஆரம்பித்தாள்.

"பேப்பருல ஆயிரம் போடுவாங்க கண்ணு. வர்றவரு கையில கடிகாரம் இருக்குமுங்க. அதைத்தான் பாப்பாரு."

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. மூன்றாம் நாள் இருநூற்று நாற்பது பேரில் இருநூற்று முப்பத்தொன்பது பேர் மூன்று நிமிஷத்துக்குள் கீழே போய்ச் சேர்ந்தார்கள். சேராதது ஒருத்திதான். எல்லோரும் வரிசையில் நின்று வேர்வையைத் துடைத்து முடித்த பிறகும் ஒச்சாயி முதல் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முருகேஷ் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் சொன்னது இன்னும் வலித்தது.

"ஆடிட் அன்னைக்குச் சம்பளத்தோட லீவு எடுத்துக்கோங்க. அதுக்கப்புறம் உங்களை மாடில வெக்க முடியாதுங்க. கீழ செக்கிங் இல்லீங்களே. பீஸை ஊட்டுக்கே அனுப்பிடறனுங்க. உக்காந்த எடத்துல பிசுறு வெட்டிக் குடுத்துருங்க. உங்களுக்கும் படியேறற சிரமம் பாருங்க..."

பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கே ஆரம்பித்தாளோ அங்கேயே போய் உட்காரச் சொல்கிறார். ஒச்சாயி எழுந்து வெளியே வந்தாள். மேசைக்குத் திரும்பி வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு சட்டையை விரித்தாள். ஓட்டை எது, கண்ணீர் விழுந்த இடம் எது என்று தெரியவில்லை. அந்த ஒரு சட்டையை மட்டும் அவள் பார்க்காமலே பாஸ் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சண்முகப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூட விடாமல் வாசிக்கிற ஒச்சாயி, அவள் கையிலிருந்த கையேட்டுக் காகிதத்தை வாங்கினாள். இரண்டாவது பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஏத்தா, இதுல ஓடச் சொல்லலையே!"

"ஆமாங்கக்கா. அதைத்தான் நானும் சொல்ல வந்தனுங்க."

பூமி ஆடும்போது ஓடக் கூடாது என்றிருந்தது. ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஓடுகிறவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள், மேலிருந்து விழுகிற பொருளில் அடிபடுகிறார்கள். இருந்த இடத்திலேயே குனிந்து, கெட்டியான மேசைக்கடியில் போய், அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு நிதானமாக நடந்து வெளியே போக வேண்டும்.

ஒச்சாயி மூன்று தடவை படித்தாள். பிறகு, "அது சரி, ஏன் ஆடுது? அதச் சொல்லு" என்றாள்.

சண்முகப்பிரியா அவளை மெல்ல கட்டிங் மேசைக்கு நடத்திப்போய், விரித்திருந்த பனியன் துணியில் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தள்ளச் சொன்னாள். துணி நடுவில் மடிந்து மேடாக எழும்பியது. "நம்ம நாடு இருக்கிற பாறை வடக்க தள்ளிட்டே இருக்குங்கக்கா. இந்த மடிப்புதான் இமயமலை." அடுத்த தள்ளலுக்குத் துணி நகரவில்லை. மேசையின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டது. ஒச்சாயி இன்னும் அழுத்தித் தள்ள, சட்டென்று விடுபட்டு ஒரு துள்ளுத் துள்ளியது. "பாறையும் இப்படித்தான். மாட்டிக்கும், வருசக்கணக்கா முறுக்கேறும், ஒரு நாள் விடும். அந்தத் துள்ளலைத்தான் பூகம்பமுங்கறாங்க."

"அப்ப நம்ம பக்கம் வராதா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல கோயமுத்தூருப் பக்கமே வந்திருக்குதுங்கக்கா, பிப்ரவரி மாசம்."

நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கேயும் பூமி ஆடியிருக்கிறது என்பதில் ஒச்சாயிக்கு ஏனோ ஒரு தெம்பு வந்தது. நேராக முருகேஷ் அறைக்குப் போனாள்.

"சார், ஓடக் கூடாதுன்னு போட்டுருக்கு. நீங்க சனத்தப் படியில உருட்டி விடப் பாக்குறீக."

முருகேஷ் வேலை மும்முரத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "உங்களால ஓட முடியாதுன்னு ஊரே ஓடக் கூடாதுங்களா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒச்சாயி வெளியே வந்துவிட்டாள்.

ஆடிட் அன்று காலை எட்டரைக்கு அவள் தன் மேசையில் இருந்தாள். லீவு வேண்டாமா என்று சந்தனம் கேட்டாள். சந்தனம் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள், ஒரே ஊர்க்காரி. "சம்பளத்தோட லீவு வாங்கி நான் என்ன காதுகுத்தா வைக்கப்போறேன்? வேலைய விட்டு எடுக்கிறதா இருந்தா என் கண்ணு முன்னால எடுக்கட்டும்" என்றாள் ஒச்சாயி. முருகேஷ் அவளைப் பார்த்தபோது ஜப்பான்காரர் படியேறி முடித்துவிட்டார். ஐம்பது வயது, ஒல்லி, கையில் நிஜமாகவே ஒரு கடிகாரம். முருகேஷால் கண்ணால் கெஞ்ச மட்டும்தான் முடிந்தது. ஒச்சாயி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மணி அடித்தது. அப்புறம் நடந்ததை அருள்புரம் டீக்கடைகளில் ரொம்ப நாள் பேசினார்கள். இருநூற்று முப்பத்தொன்பது பேர் ஒரே படிக்கட்டைப் பார்த்துப் பாய்ந்தார்கள். அதிகாரி பார்க்கிறார் என்ற வேகத்தில் ஒத்திகையைவிட வேகமாக ஓடினார்கள். முதல் திருப்பத்தில் சந்தனம் தடுக்கி விழ, அவள் மேல் நாலு பேர், அந்த நாலு பேர் மேல் எட்டுப் பேர். சந்தனத்துக்கு முட்டித்தோல் பெயர்ந்தது.

மேலே ஒச்சாயி குனிந்து, கையை ஊன்றி, இரும்புக் கால் வைத்த தன் மேசைக்கடியில் நுழைந்துவிட்டாள். இதற்குப் படியும் வேண்டாம், காலும் வேண்டாம். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மேசைக்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி அறுபது வரை எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தைந்தில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ அவள் முன்னால் வந்து நின்றது. ஷூவுக்கு மேலே முட்டி மடங்கி, ஜப்பான்காரர் குத்தவைத்து உட்கார்ந்து உள்ளே பார்த்தார். ஒச்சாயி எண்ணுவதை நிறுத்தவில்லை.

அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சண்முகப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அக்கா, இந்தக் கம்பெனியில உசுரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தானாமுங்க."

முருகேஷ் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, அவங்களுக்குக் கால் சரியில்லை, அடுத்த மாதம் மாற்றிவிடுகிறோம் என்று இங்கிலீஷில் சமாதானம் சொன்னார். ஜப்பான்காரர் குழம்பிப்போனார். சரியாகச் செய்தவரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார்.

பயிற்சி தோல்வி, ஒரு மாதம் கழித்து மறுபடி வருகிறேன், அதற்குள் எல்லோருக்கும் இவரே சொல்லித்தரட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீ குடிக்கும்போது காகிதத்தில் ஒரு மீனை வரைந்து, அதன் முதுகில் ஜப்பானை வைத்து ஒச்சாயியிடம் காட்டினார். பூமிக்கடியில் ஒரு பெரிய கெளுத்தி புரள்வதால்தான் ஆடுகிறது என்று அவர் ஊரில் முன்பு நம்பினார்களாம். "எங்களுக்குப் பாம்பு, அவுகளுக்குக் கெளுத்தியா?" என்று ஒச்சாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மீசை ரெண்டுதேன் போட்டுருக்காரு, கெளுத்திக்குப் பத்தாதுன்னு சொல்லு" என்றாள். அவர் படத்தைத் திரும்ப வாங்கி மீசையைச் சேர்த்துக்கொடுத்தார்.

அந்த ஒரு மாதம் ஒச்சாயி படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதுகு வெளியே தெரிந்தால் ரிஜெக்ட். மேசைக்காலைப் பிடிக்காவிட்டால் ரிஜெக்ட். "சார், உங்க தலை மட்டுந்தேன் உள்ள இருக்கு, மிச்சமெல்லாம் செத்துப்போச்சு" என்று முருகேஷையே இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். தொப்பையோடு மேசைக்கடியில் நுழைவது லேசான காரியமில்லை. அவர் மூன்றாவது தடவை பாஸானார்.

இறங்குகிற வரிசையில்தான் பிரச்சினை வந்தது. ஒச்சாயி கடைசியில் வரட்டும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது என்றார் முருகேஷ். ஜப்பானுக்கு எழுதிக் கேட்டாள் சண்முகப்பிரியா. வேகமாகப் போகிறவர் முன்னால் போனால் பின்னால் வருகிறவர் ஓடுவார், ஓடினால் விழுவார், உங்கள் படிக்கட்டில் பார்த்தேனே என்று பதில் வந்தது. சொல்லித்தந்தவரே முன்னால் நடக்கட்டும், அவரை யாரும் முந்தக் கூடாது.

இரண்டாம் ஆடிட் அன்று மணி அடித்தது. இருநூற்று நாற்பது பேரும் மேசைக்கடியில் போனார்கள். மாடி முழுவதும் தையல் மெஷின்களும் டியூப்லைட்டுகளும் மட்டும் தெரிந்தன. அறுபது எண்ணி முடித்து ஒச்சாயி முதலில் எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்து, தொடையை அழுத்தி, ஒரு படி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முருகேஷ் ஒரு படி, அவருக்குப் பின்னால் சந்தனம் ஒரு படி, அப்படியே மேல் மாடிவரை எல்லோரும் ஒவ்வொரு படி இறங்கினார்கள். தள்ளு இல்லை, சத்தம் இல்லை.

முதல் மாடித் திருப்பத்தில் ஒச்சாயிக்கு மூச்சு வாங்கியது. கீழே ஜப்பான்காரர் கடிகாரத்தோடு நிற்பது தெரிந்தது. ஒதுங்கி வழி விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சுவரோரம் நகர்ந்தும்விட்டாள். யாரும் முந்தவில்லை. மேலே இருநூறு பேரும் அப்படியே நின்றார்கள். முருகேஷ் பின்னாலிருந்து குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மெதுவாவே போங்க ஒச்சாயம்மா. நாங்க நிக்கறமுங்க."

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.