என் கட்டிலில் கோழி

கனடாவுக்குக் குடியேறிய முதல் குளிர்காலத்தில் நான் ரொம்ப நல்ல பெண்ணாகிவிட்டேன். சொந்த ஊரான கடத்தூரில் இருந்தவரை அம்மா கிழக்கே என்றால் மேற்கே போனவள், இப்போது போனில் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றேன். "ராகி மாவு கெடச்சா களி கிண்டித் தின்னு கண்ணு" என்றாள். அதற்கும் "சரிம்மா." களிச் சட்டியைக் கண்டாலே பக்கத்து வீட்டுக்கு ஓடியவள் நான்.

உண்மையில் வேலைக்குப் போக மட்டுமே படுக்கையை விட்டு எழுந்தேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும். பேச ஆளில்லை. காரணமில்லாமல் அழுகை வரும். வீட்டில் சொன்னால் பங்குச்சாமியார் வரை சேதி போய், ஞாயிறு பூசையில் எனக்காக வேண்டச் சொல்லிவிடுவார்கள். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா சாவகாசமாகச் சொன்னாள்: "உன் ரூம்ல தம்பி கோழி வளக்கறான். உன் கட்டில் மேலதான் ஒண்ணு அடை காக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியைக் கூப்பிட்டுத் திட்டினேன். "வூட்ல சும்மாதான கெடக்குது அந்த ரூமு" என்றான் அவன். பின்னால் சேவல் கூவியது. அதிலிருந்து தினமும் சண்டை. கோழியை விரட்டினானா என்று கேட்பதற்காகவே விடுமுறை நாளிலும் எழுந்தேன்.

பத்தாம் நாள், திட்டிக்கொண்டிருக்கும்போதே உடைந்து அழுதேன். அம்மா போனை வாங்கினாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போறதில்லையா? இதுக்கும் போ. சண்ட போட நாங்க இருக்கறோம்" என்றாள்.

போனேன். வாரம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகரிடம் பேசினேன். மெல்லத் தேறினேன்.

இந்த விடுமுறைக்கு ஊர் வந்ததும், பையைக்கூட இறக்காமல் என் அறைக்குள் போய் மோப்பம் பிடித்தேன். ஓர் இறகுகூட இல்லை. கட்டிலில் நான் விட்டுப்போன அதே பூப்போட்ட போர்வை. வாசலில் நின்ற தம்பி தன் செல்போனைத் தட்டினான். சேவல் கூவியது.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"களி திங்கறேன்னு ஒத்துக்கிட்டியே" என்றாள் அம்மா. "நீ சரியில்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அன்று மதியம் ஆவி பறக்கும் களி உருண்டையைத் தட்டில் வைத்து நீட்டினாள். கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"முடியாது. சோறு போடு" என்றேன்.

அம்மா சமையலறைக்குத் திரும்பினாள். சோற்றை முன்பே வடித்து வைத்திருந்தாள்.