ஹெட்போனுக்குள் இன்னொரு ஆள்

ஒலிப்பதிவுத் தொழிலில் பாட்டைப் பதிவது சுலபம். பாடுகிறவருடைய குரலைப் பாடும்போதே அவருடைய காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் உயிர் போகிறது.

பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்டே, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது என்னுடைய ஒலிப்பதிவு அறை. முன்பு அதே அறையில் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டையும் இணைக்கிற ஒரு சின்னப் பெட்டி, ஒரு ஹெட்போன், சுவரெல்லாம் பழைய மெத்தை. கோவில் பஜனை, கடை விளம்பரம், கல்யாண வாழ்த்து எல்லாம் இங்கேதான் பதிவாகும். வருகிறவர்கள் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள். மிஸ் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

உங்களில் யாராவது வீட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மைக்கில் ‘ஹலோ ஹலோ’ சொல்லி, முதலில் ஒன்றுமே கேட்காமல், பிறகு எல்லாமே இரண்டு தடவை கேட்டு, கடைசியில் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டவர் இருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்கள். நாம் நெருங்கிய சொந்தம்.

பின்னால் பாடுகிறவர்

அறை திறந்த முதல் வாரம் வந்தவர் வேலாயுதம். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பஜனைக் குழுவுக்குத் தலைவர். மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் வேகம் குறைந்தது. நாலாவது வரியில் இன்னும் குறைந்தது. பத்தாவது வரிக்கு வரும்போது ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து நானும் கையைக் கூப்பிக்கொண்டு இருந்தேன்.

விஷயம் அதுவல்ல. மைக்கில் போகிற குரலைக் கம்ப்யூட்டர் ஒரு கூடையில் சேர்த்துச் சேர்த்துத்தான் காதுக்குத் திருப்பித் தரும். கூடை பெரிதென்றால் குரல் தாமதமாக வரும். என் கூடை மிகப் பெரிது. அவர் பாடியது அரை நொடி கழித்து அவருக்கே கேட்க, கூடப் பாடுகிற யாரோ பின்தங்குகிறார் என்று நினைத்து, பாவம், அவருக்காக நின்று நின்று பாடியிருக்கிறார். நான் அவசரமாகக் கூடையைச் சின்னதாக்கினேன். சின்னக் கூடை என்றால் அவசரத்தில் சிந்தும். அந்தச் சிந்தல் காதில் பொரிகிற சத்தமாகக் கேட்கும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மறுபடி பாட ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“மிஸ், பின்னால பாடுறவரு போயிட்டாரு போல. ஆனா இப்ப அந்த எடத்துல யாரோ கடுகு தாளிக்கிறாங்க.”

இரண்டு பேர் சொன்னால்

ஹனீபா முதலாளிக்குப் பண்டாரவளையில் துணிக்கடை. பண்டிகைக்கால விளம்பரத்தை வேறு யாரும் பேசக் கூடாது, தானே பேச வேண்டும் என்று வந்திருந்தார். கடுகு அனுபவத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் தேறியிருந்தேன். அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும், தாமதமே இருக்காது. திருப்பினேன். ஆனால் கம்ப்யூட்டர் வழியாக வருகிற குரலை நிறுத்த மறந்துவிட்டேன். நேர் வழியில் ஒரு முதலாளி, சுற்று வழியில் இன்னொரு முதலாளி என்று இரண்டு பேர் அவர் காதுக்குள் ‘சாறி, சாறி, சாரம், சாரம்’ என்று கூவியிருக்கிறார்கள். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். பதிவில் ஒரே ஒரு குரல்தான், சுத்தமாக. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. “மத்தவர் எங்க?” என்றார். மத்தவர் என்று யாரும் இல்லை, அது நான் செய்த பிழை என்று விளக்கினேன். பிழையைத் திரும்பச் செய்து தரும்படி கேட்டார். இருபது நிமிடம் உட்கார்ந்து, அவர் குரலையே கொஞ்சம் பின்னால் தள்ளி இன்னொரு முதலாளியைத் தயாரித்தேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டுத் திருப்தியாக எழுந்தார்.

“ஒரு ஆள் சொன்னா அது வெளம்பரம் தங்கச்சி. ரெண்டு ஆள் சொன்னா அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்.”

தப்பு யாருடையது

வயர் இல்லாத ஹெட்போன் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிய மறுநாள் தப்பு மேளம் அடிக்க வந்தார் மாரிமுத்து. காமன் கூத்துக்கான பாட்டு. பாட்டை முதலிலேயே பதிந்து வைத்திருந்தோம். அவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தப்பு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். புது ஹெட்போனை நானே அவர் தலையில் மாட்டிவிட்டேன். கிரீடம் வைத்த மாதிரி அசையாமல் உட்கார்ந்து அடித்தார்.

திருப்பிப் போட்டுக் கேட்டால், பாட்டு பெரகல சந்திக்கு இறங்கிவிட்டது, தப்பு இன்னும் அப்புத்தளை ஸ்டேஷனிலேயே நிற்கிறது. மறுபடி அடித்தார். மறுபடியும் அதே அப்புத்தளை. நாலாவது தடவை நான் அவரிடம் மெதுவாக, “அண்ணே, கொஞ்சம் முந்தி அடிச்சுப் பாருங்களேன்” என்றேன். முப்பது வருஷமாகத் தப்படிக்கிறவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். தப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயர் இல்லாத ஹெட்போனுக்குள் பாட்டே தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. அவர் தனக்குக் கேட்ட பாட்டுக்குச் சரியாகத்தான் அடித்திருக்கிறார். ஓடிப்போய்ப் படிக்கட்டில் மறித்து, மன்னிப்புக் கேட்டு, பழைய வயர் ஹெட்போனை மாட்டினேன். ஒரே தடவை. நூல் பிடித்த மாதிரி சேர்ந்தது. போகும்போது புது ஹெட்போனை ஒரு பார்வை பார்த்தார்.

“தப்பு என் கையில இருக்கு மிஸ். பிழை ஒங்க கிரீடத்துல இருக்கு.”

சுதி சேர்ந்த ஒன்று

தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து லீலாவதி டீச்சர் பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். போட்டிக்குக் குழுப் பாட்டு அனுப்ப வேண்டும், அன்றைக்குத்தான் கடைசி நாள். பதினொரு பிள்ளைகள், இருபத்திரண்டு காது, உருப்படியாக ஒரே ஹெட்போன். இசை எல்லோருக்கும் கேட்க வேண்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டேன். மைக்கில் போகிறதும் அதே ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், மைக் சத்தம் ஸ்பீக்கருக்குள் வந்து, ஒன்றையொன்று துரத்திப் பிடித்து, ‘ஊஊஊ’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. பிள்ளைகள் அதுதான் ஆரம்பச் சுதி என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு பதினொரு பேரும் ‘ஊஊஊ’ என்று சேர்ந்துகொண்டார்கள்.

கீழே பேக்கரியில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். பேக்கரி மாஸ்டர் மாவுக் கையோடு மேலே ஓடிவந்து, “மிஸ், சைரன் ஊதுதே, எங்கயாச்சும் எரியுதா?” என்று கேட்டார். நான் கையில் கிடைத்த வயரையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது, பிள்ளைகளும் நிறுத்தினார்கள். டீச்சர் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“அதை ஏன் மிஸ் நிப்பாட்டினீங்க? காலையில இருந்து சுதி தவறாமப் பாடினது அது மட்டுந்தான்.”

சுத்தமான மனிதர்

சிவலிங்கம் ஐயா ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். மகள் கல்யாணத்துக்குக் குரலிலேயே ஓர் அழைப்பிதழ் அனுப்ப வேண்டும் என்று வந்தார். மைக்கில் பேசினார். “ஒண்ணும் கேக்கலையே” என்றார். கம்ப்யூட்டர் திரையில் அவர் குரல் பச்சைப் பச்சையாக ஆடுகிறது, காதில் மட்டும் ஒன்றுமில்லை. திருகைத் திருப்பினேன். செட்டிங்கை மாற்றினேன். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் தீர்ந்த பிறகு, அப்புத்தளையில் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிற என் சிநேகிதர் ஜெயராஜுக்குப் போன் போட்டேன்.

“சத்தம் எங்க வரைக்கும் வருது?” என்றார் ஜெயராஜ்.

“பெட்டி வரைக்கும் வருது.”

“அப்ப ஹெட்போன் வயரு பெட்டியில இருக்கான்னு பாருங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு கூடத் தெரியாதவளா நான்? இருந்தாலும் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஐயாவின் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கி, கழுத்திலிருந்து நெஞ்சுக்கு வந்து, அவருடைய சட்டைப்பைக்குள் நுழைந்துவிட்டது. பையைத் தொட்டேன். ஐயா தானாகவே உள்ளேயிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, அதைப் பக்குவமாகப் பிரித்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஹெட்போன் வயரின் முனைப் பின்னைக் காட்டினார்.

“கீழ தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. தூசி படும்னு நான் வந்த ஒடனேயே பத்திரப்படுத்திட்டேன்.”

மிச்சம்

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பெரியசாமி பெரகலப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறவர். அவருடைய தம்பி கருப்பையா நமுனுகுலப் பக்கம் இருக்கிறார். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், திருவிழாவில் மைக் பிடித்தவர் தம்பி பேரை முதலிலும் அண்ணன் பேரை அடுத்ததாகவும் வாசித்ததுதான். இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம். நேரில் போக ரோஷம் விடவில்லை. சும்மா இருக்க மனசும் கேட்கவில்லை. வாழ்த்தைப் பேசிப் பதிந்து போனில் அனுப்பிவிடலாம் என்று வந்தார். “பேசுறது எனக்கும் நல்லாக் கேக்கணும் மிஸ். அப்பத்தான் தடுமாறாமப் பேசுவேன்” என்றார்.

அன்றைக்கு நான் அமைத்துக் கொடுத்த மாதிரி இந்த ஊவா மாகாணத்தில் யாரும் அமைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். தாமதம் இல்லை, பொரியல் இல்லை, இரட்டைக் குரல் இல்லை. கோவிலுக்குள் பேசுகிற மாதிரி ஒரு சின்ன முழக்கம்கூட வைத்தேன். பெரியசாமி பேச ஆரம்பித்தார். மழையில் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனது, அம்மா செத்த அன்றைக்குத் தம்பி தன் மடியில் தூங்கியது, ஆறு வருஷமாகத் தீபாவளிக்குத் தம்பி வீட்டுப் பக்கம் பஸ் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பதினொரு நிமிஷம் பேசினார். அழுதார். நானும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அழுதேன். முடிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “போடுங்க மிஸ், கேப்போம்” என்றார்.

போடுவதற்கு ஒன்றுமில்லை. காதில் கேட்க வைத்த பெருமையில் பதிகிற பட்டனை நான் அமுக்கவே இல்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். “இன்னொருக்கா அழ என்னால முடியாது மிஸ்” என்றார். குடையை எடுத்துக்கொண்டு, “நேராவே போய்ச் சொல்லிடுறேன். கல்யாணத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு” என்று இறங்கிப் போனார். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், அதே ஜாடையில், கொஞ்சம் இளையவராக ஒருவர் படியேறி வந்தார். கையில் கல்யாணப் பலகாரப் பொட்டலம். கருப்பையா என்று பேர் சொன்னார். அண்ணன் வந்தாரா என்று கேட்டேன். வந்தார், மூன்று நாளும் அங்கேயே தங்கிப் பந்தல் வேலை எல்லாம் பார்த்தார் என்றார். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இங்க பதினொரு நிமிஷம் பேசினேன்னு சொல்றாரு. வீட்டுக்கு வந்து ‘சோறு இருக்கா’ன்னு ரெண்டே வார்த்தைதான் பேசினாரு. மிச்சம் இதுக்குள்ள எங்கயாவது கெடந்தா கொஞ்சம் தேடிக் குடுங்க மிஸ்.”

இதனால் அனைவருக்கும் அறியத் தருவது என்னவென்றால், என் அறையில் இப்போது எல்லோருக்கும் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, பதிவதும் பெரும்பாலும் பதிந்துவிடுகிறது.