வயரை ஆற்றிய மின்விசிறி

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர் வோல்டேஜை மட்டுமே நம்புகிறவர். பல்பு மங்கினாலும் வயிறு மந்தமானாலும் வோல்டேஜ் குறைவு என்பார். “மீட்டர்ல இருநூத்திமுப்பது காட்டுதுல்ல? எத்தனை மிஷின் வேணா ஓட்டலாம்.”

அன்று மாலைக்குள் பள்ளி அடையாள அட்டைகள் முடியாவிட்டால், அந்தப் பள்ளியின் வேலை முழுவதும் எதிர்க்கடைக்குப் போய்விடும். எனவே ஜெராக்ஸ், லேமினேஷன், டீ கெட்டில் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினார். வயர் கொதித்தது. மேதை அசரவில்லை. அதை ஆற்ற ஒரு டேபிள் ஃபேன் வைத்தார், அதையும் அதே பாக்ஸில் செருகி.

“வோல்டேஜ் எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க. ஆனா ஒவ்வொண்ணும் தனியா கரண்ட் இழுக்குது, அத்தனையும் இந்த ஒத்த வயர்லதான் வருது. ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் வாட். கெட்டில் அடியிலயே ஆயிரத்தைந்நூறு வாட்னு போட்டிருக்கு, பாருங்க! முதல்ல அதைப் பிடுங்குங்க” என்றார் கடையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி.

“டீ இல்லாம எப்படிடி வேலை ஓடும்?”

பாக்ஸ் உருகி, ஃபியூஸ் போய்க் கடை இருண்டது. காத்திருந்த பள்ளி எழுத்தர் அட்டைகளை அள்ளிக்கொண்டு, விளக்கு பளிச்சென்று எரிந்த எதிர்க்கடைக்கு நடந்தார்.

“பாத்தியா, நம்ம வோல்டேஜையும் சேத்து அவன் இழுக்கிறான்!” என்றார் நம்மவர்.