புகை குடிக்கும் கொட்டகை

சிமெண்ட் ஆலையின் சூளையில் வேலை பார்த்தவர் அவள் கணவர். நுரையீரலில் தூசி படிந்து, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக அவளுக்கு வேலை கொடுத்தார்கள், புகைபோக்கிக்கு அடியில் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையில்.

புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்து, உலோகத் தகடுகள் அடுக்கிய பெட்டிகளுக்குள் விடுவார்கள். மின்சாரம் பாய்ந்ததும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிச் சொட்டும். தோல் பதனிடவும் ரப்பர் பாலை உறைய வைக்கவும் ஆகிற அமிலம். பெட்டிக்குள் சதா உப்புப் பூத்து, வாயு போகிற வழியை அடைத்துக்கொள்ளும். தகடுகளைக் கழற்றி அந்த உப்பைக் கழுவுவது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் ‘உப்பக்கா’.

“இந்தப் புகை இனிமே வானத்துக்குப் போகாதுக்கா, டப்பாவுக்குள்ளதான் போகும்” என்பார் இளம் பொறியாளர். அவள் அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பிப்பாள். ஜன்னலோரம் நாற்காலியில் கிடக்கும் கணவர் சிரிப்பார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்துவிடும்.

“என் நெஞ்சுக்குள்ள கெடக்கறதையும் அந்த டப்பாவுல போடச் சொல்லு.”

ஆனாலும் சொந்தக்காரர்கள் வந்தால், “என் சம்சாரம் புகையைப் பிடிச்சு மருந்தாக்கறா” என்று பீற்றிக்கொள்வார். அது மருந்தில்லை என்று அவள் திருத்தியதே இல்லை.

பெட்டிகள் ஒழுங்காக ஓடவில்லை. கழுவக் கழுவ உப்புப் பூத்தது. போதாததற்கு, ஆலைக்கு வந்த மின்சாரமே நிலக்கரி எரித்து வருவது. கொட்டகை விழுங்கியதைவிட அனல் மின் நிலையம் அதற்காகக் கக்கியது அதிகம். சூரிய மின்தகடுகள் வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அவற்றுக்கு ஒதுக்கிய நிலத்தில் இரண்டாவது சூளைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

கடைசியில் கொட்டகையை மூடிய அன்று பொறியாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மன்னிச்சுடுங்கக்கா. வீணா ஆசை காட்டிட்டேன்.”

“நீங்களுந்தான ஆசைப்பட்டீங்க, தம்பி. விடுங்க” என்றாள். பார்த்துப் பார்த்துக் கழுவிய தகடுகளைக் கழற்றி, பழைய இரும்பு எடுக்கிற வண்டியில் அவளே ஏற்றினாள்.

அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். சிமெண்ட் தூள் பனிமூட்டம் போல நிற்கிற இடம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வேலை முடிந்ததும் ஆலைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு போவாள். “இன்னைக்கும் நல்லா ஓடுச்சுங்க” என்பாள்.

ஒரு சாயங்காலம் சோறு போட அவள் குனிந்தபோது, அவர் அவளுடைய காதுக்குப் பின்னால் தடவி, விரலைப் பார்த்தார். சாம்பல் நிறம். சூளைக்காரருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

“எப்ப மூடுனாங்க?”

“மழைக்கு முன்னாடியே.”

“வேற வேலை பாரேன்.”

“இந்த ஊர்ல ஆலையை விட்டா வேற என்னங்க இருக்கு?”

அவருக்கும் தெரியும். தட்டைத் தள்ளிவைத்தார்.

காலையில் அவள் கிளம்பும்போது, தன் துண்டைக் கிழித்து நனைத்து, பிழிந்து நீட்டினார். “மூக்குல ஈரத்துணியா கட்டு. காஞ்சது ஒண்ணுத்துக்கும் ஆகாது. எனக்கு இதை யாரும் சொல்லல.”

அவள் கட்டிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அது சிமெண்ட் ஏறி, அட்டை மாதிரி இறுகிப்போனது.