வெறும் வயிற்றுக்கு ஒரு டீ

உக்கடத்தில் ஒரு லேபின் படியிறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறேன். ரத்தம் எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: "வெறும் வயித்துலதானுங்க வந்தீங்க? டீ கூட குடிக்கலையே?" பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாயே டீ மணத்தது. "நாளைக்கு வாங்க" என்று ஊசியை மூடிவிட்டாள்.

எனக்கும் சுகர் வந்து சில வருஷமாகிறது. தலை நரைப்பது மாதிரி அதுவும் வந்தது, இருக்கிறது. ஆனால் டீ விஷயத்தில் தெரியாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இந்தப் பாடத்தை ஊருக்கு முன்னால் படித்தவன் நான். எட்டாவதுக்கு மேல் படித்தது அது ஒன்றுதான்.

வழியில் ஒரு பேக்கரியில் பால் பொங்கும் வாசம் வந்தது. அந்த வாசம் என்னை நேராகப் பெருந்துறைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே தொழிற்பேட்டை வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரியில் டீ மாஸ்டராக இருந்தேன். அதற்கு முன் செங்கல் சுமந்தேன், அதற்கு முன் லாரியில் கிளீனர். டீ ஆற்றுவதில் முதுகு வலிக்காது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தங்கினேன். டீ குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுகர். "மாஸ்டர், நமக்கு சக்கரை வேண்டாமுங்க" என்பார்கள். அதே மூச்சில் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அந்தத் தேன் கேக்குல ஒண்ணு குடுங்க."

நாச்சிமுத்து அண்ணன் பேட்டைக்குள்ளே ஒரு கம்பெனியில், மூட்டை தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். காடு காய்ந்து, மாட்டை விற்று, ஐம்பது வயதில் வண்டி பழகியவர். அந்த வண்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். சுகர் ஏறுகிறது என்று கம்பெனி அவரை மாதம் ஒருமுறை பக்கத்து கிளினிக்குக்கு அனுப்பியது. அன்றைக்குக் காலையில் வந்து நிற்பார். "வெறும் வயித்துல வரச் சொல்லிருக்காங்க மாஸ்டர். ஒரு டீ மட்டும் போடுங்க."

எங்கள் பக்கம் டீ எந்தக் காலத்திலும் வயிற்றுக் கணக்கில் வராது. ஊட்டுக்கு வந்தவர் "ஒண்ணும் வேண்டாமுங்க" என்றால் டீ மட்டும் போதும் என்று அர்த்தம். நானும் பாவம் பார்த்து, மனுஷன் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்தே போட்டேன்.

பரிசோதனையில் சுகர் அளவு ஏறியே வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடி என் டீ, மறுபடி மாத்திரை. பிறகு மத்தியானங்களில் அவருக்கு உடம்பு வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் வண்டியை மூட்டை அடுக்கில் கொண்டுபோய் இடித்துவிட்டார். அடுத்த முறையும் ஏறியிருந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் கிளினிக் சிஸ்டர் டீ குடிக்க வந்தபோது, ஏதோ பேச்சில் அண்ணனுக்குப் போடும் கூடுதல் கரண்டியைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வெறும் வயிறுன்னா தண்ணி மட்டுந்தானுங்க. நீங்க ஏத்தி உடறீங்க, டாக்டர் மாத்திரையக் கூட்டி எறக்கறாரு, மத்தியானம் அளவுக்கு மீறி எறங்கிப்போவுது. நடுவுல அந்த மனுசன் செத்துப்போவாருங்க."

பரிசோதனை நாள் வந்தது. அண்ணன் வந்து நின்றார். ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தேன்.

"டீங்க?"

"ரத்தம் குடுத்துட்டு வாங்கண்ணா. டீ குடிச்சாலும் சுகர் ஏறுமாமுங்க. சிஸ்டர் சொன்னாங்க."

"டீயில என்னங்க இருக்குது, எல்லாம் தண்ணிதான?"

"இல்லீங்ணா. இன்னைக்குத் தர மாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. "நா என்ன மாஸ்டர் தப்புப் பண்ணிப்போட்டேன்?" என்று கேட்டு, தண்ணீரையும் தொடாமல் போய்விட்டார்.

கல்லாவிலிருந்து முதலாளி மெதுவாகத் திரும்பினார். "கடைக்கு வந்தவங்களுக்கு டீ இல்லீங்கற மாஸ்டர நா எந்த ஊர்லயும் பாத்ததில்லப்பா. நீ வேற எடம் பாத்துக்க." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார்: "மத்தியானம் வரைக்கும் ஆத்திட்டுப் போ. ஆளு வேணுமல்ல."

ஆற்றினேன். பதினோரு மணிக்கு நாச்சிமுத்து அண்ணன் காகிதத்தோடு வந்தார். "எறங்கிப்போச்சுங்க மாஸ்டர். மாத்திரையப் பாதியாக்கிட்டாங்க. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்னுட்டாங்க." பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் மாதிரி, "இப்பக் குடிக்கலாமுங்களா?" என்றார். சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சி, "வேப்பந்தழைய வேகவெச்சதாட்ட இருக்குது" என்றார். ஆனாலும் முழுசாகக் குடித்தார். அந்தக் கடையில் நான் போட்ட கடைசி டீ அதுதான்.

ரோட்டை அகலப்படுத்தியதில் பேக்கரி போய்விட்டது. முதலாளியும் இல்லை, அவருக்கும் சுகர்தான், கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லையாம். அண்ணன் ஓய்வு பெறும்வரை வண்டி ஓட்டியதாகக் கேள்வி.

நான் வேலை போன அன்றைக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கோபி பஸ்ஸைப் பிடித்தேன். டீ சங்காத்தமே வேண்டாம் என்றிருந்தது. மறுநாள் காலையில், ஊருக்கு வெளியே ஒரு கரும்புக் காட்டில், நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் கொப்பரையில் பாகு கிண்டும் வேலைக்குச் சேர்ந்தேன்.